துரையின் நகம்

கிட்ட வந்து உட்காருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்ட, அந்தப் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். இது பொறாமையைப் பற்றின கதை, உரக்கச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று கோபித்துக்கொள்வார்கள்.

கோவில்பட்டிக்குத் தெற்கே, தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால், வெட்டுக்கிணற்றுத் தெரு என்று ஒரு தெரு, அந்தத் தெருவில் நடுவே ஒரே ஒரு சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு அண்ணனுக்கு ஒரு வீடு தம்பிக்கு ஒரு வீடு. அண்ணன் கழுகாசலம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், அவன் பெண்டாட்டி சண்முகவடிவு, கூப்பிடுகிறது வடிவு. தம்பி கரண்டு ஆபீசில் லைன்மேன், அவன் பெண்டாட்டி தங்கப்புஷ்பம். இந்தப் புஷ்பத்துக்கு எதை எடுத்தாலும் கைகூடி வரும். அவள் ஒடித்து நட்ட முருங்கைக் கொம்பு மறுமாசமே பூக்கும், வடிவு நட்டது நட்ட இடத்திலேயே விறகாகும். அவள் ஊற்றின தோசை கல்லை விட்டுத் தானாக எழுந்திருக்கும், வடிவு ஊற்றின தோசையோடு கரண்டி மல்லுக்கட்டும். தெருவில் எந்த வீட்டில் பச்சைப்பிள்ளை பிறந்தாலும் குளிப்பாட்டப் புஷ்பத்தைத்தான் கூப்பிடுவார்கள். அவள் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கெண்டைக்காலையும் சேர்த்துத் தொட்டில் மாதிரி வைத்து, பிள்ளையை அதில் போட்டாளென்றால், அதுவரைக்கும் வீட்டையே இரண்டாக்கின பிள்ளை கப்பென்று வாயை மூடிக்கொண்டு வானத்தைப் பார்க்கும். வடிவு சுவருக்கு இந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் பார்ப்பாள். புஷ்பம் நல்லவள், ஒரு சொல் கடுத்துப் பேசமாட்டாள், 'அக்கா அக்கா' என்று காலைச் சுற்றி வருவாள், அதனால் வடிவுக்குச் சண்டை போடவும் வழியில்லை, வயிற்றில் எரிகிறதை அணைக்கவும் வழியில்லை.

அப்படி இருக்கையில் ஒரு தீபாவளிக்குப் புஷ்பம் வீட்டில் கிரைண்டர் வந்து இறங்கினது. வடிவு புருஷனிடம் கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள், அவன் எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்கு லோடு ஏற்றப் போன அன்றைக்கு, "வரும்போது வாங்கிட்டு வாரேன்ளா" என்று சொல்லிவிட்டுப் போனான். சாயங்காலம் வந்தவன் கையில் ஒரு ஓலைப்பெட்டி.

"கிரைண்டர் எங்க?"

"மொதல்ல இதப் பாரு."

பெட்டியைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு முயல், காதைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, கடன்காரனைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்க்கிறது.

"இது மாவாட்டுமா?" என்று கேட்டாள் வடிவு.

"சந்தையில ஒருத்தன் கறிக்குன்னு வச்சிருந்தான். இது என்னயவே பாத்துச்சு. அதான்..."

வடிவு அன்றைக்கு ராச்சாப்பாடு போடவில்லை. ஆனால் பெட்டியை மூடப் போனவளின் உள்ளங்கையில் அந்த முயல் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தது, நனைத்த பஞ்சால் தொட்ட மாதிரி ஒரு ஈரம், அவ்வளவுதான், வடிவின் மனசு அதில் விழுந்துவிட்டது. வாடின கீரை தின்னாது, நேற்றைய தண்ணீர் குடிக்காது, சாக்கு விரித்தால் படுக்காது, அவளுடைய பழைய நூல் சேலையை மடித்துப் போட்டால்தான் படுக்கும். ஆகையால் அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள். தெருவில் யாரும் வளர்க்காத ஒன்று தன் வீட்டில் வளர்கிறது என்று முதல்முதலாகச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

துரைக்கு நகம் வளர்ந்தது. நடக்கும்போது தரையில் டக் டக் என்று கேட்டது, சேலை நூலை இழுத்தது. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா துரையின் காலைப் பிடித்துக் காட்டி, "நகத்துக்குள்ள செவப்பா நரம்பு ஓடும்மா, அது வரைக்கும் போயிராம நுனிய மட்டும் வெட்டணும், நரம்புல பட்டா ரத்தம் வரும், இதுக்குக் கறுப்பு நகம், நரம்பு தெரியாது, பாத்து வெட்டுங்க, பயப்படாதீங்க" என்றாள். பயப்படாதீர்கள் என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வடிவு பிடித்துக்கொண்டாள்.

நகவெட்டி வாங்கினாள். துரையை மடியில் வைத்தாள். அதன் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, அவள் நெஞ்சு அதைவிட அடிக்கிறது, எது யார் நெஞ்சு என்று தெரியாமல் இரண்டும் உட்கார்ந்திருந்தன. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை யாராவது நகம் வெட்டுவார்களா? அப்புறம் புதன்கிழமை மதியம் எடுத்தவள் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு வெட்டக்கூடாது என்று உள்ளே வைத்தாள். வெள்ளிக்கிழமை ஆகாது, அமாவாசை ஆகாது, கார்த்திகை ஆகாது, புருஷனின் பிறந்த நட்சத்திரத்தன்றைக்கு ஆகாது. முயலுக்கு ராகுகாலம் பார்த்த பொம்பளை எங்கள் பக்கத்தில் வடிவு ஒருத்திதான்.

இப்படி நாள் தள்ளிப்போகிற சமயத்தில் புஷ்பம் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது. இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள், புஷ்பம் வாசலில் நின்று தேங்காய் சுற்றுகிறாள், வடிவு துரையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்று பார்க்கிறாள். அவள் வயிற்றில் ஒரு தீக்குச்சி உரசின மாதிரி இருந்தது. உடனே, மணலில் வறுபடுகிற கடலை தோடு வெடிக்கிற மாதிரி படக் படக்கென்று சத்தம், குனிந்து பார்த்தால் துரையின் நகங்கள் விரற்கடை நீளத்துக்கு வளர்ந்து நிற்கின்றன. வடிவு அலறவில்லை. பால் பொங்கினால் அடுப்பைக் குறைக்கிற மாதிரி முந்தானையை இழுத்து அந்த நகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தனக்குத் தெரிந்ததைத் தெருவுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் தெருக்குழாயடியில் மாடத்தி இருந்தாளே, பெட்டிக்கடை வைத்திருக்கிற மாடத்தி, அவள் வாய்க்கு முன்னால் எது ஒளியும்? மாடத்தி தன் மகளுக்கு சிங்கப்பூர் மாப்பிள்ளை அமைந்த கதையைக் குடம் நிறைகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள், சுற்றி நின்ற பொம்பளைகள் எல்லாரும் "நல்லாருக்கட்டும், நல்லாருக்கட்டும்" என்று சொல்லச் சொல்ல, வடிவின் இடுப்பில் இருந்த துரையின் காலில் கடலை வெடித்தது. மாடத்தி பார்த்தாள். இன்னொரு தரம் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தரம் வெடித்தது.

"அடி ஆத்தி!" என்றாள் மாடத்தி. "வாயி நல்லாருக்கட்டும்ங்குது, வயிறு நாசமாப் போகட்டும்ங்குது. இந்த முயலு வயித்தப் படிக்குதுட்டி!"

அதற்குப் பிறகு அந்தத் தெரு கொஞ்ச காலம் வாயை மூடிக்கொண்டு வாழ்ந்தது. புதுச்சேலை எடுத்தவள் அதன்மேல் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தாள், மகன் பாசானதைச் சொல்லாமல் "ஏதோ எழுதிருக்கான்" என்றார்கள், அடகில் இருந்து மீட்ட சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டார்கள், வடிவு துரையோடு வருகிறாள் என்றால் எதிரே வருகிறவர்கள் முதுகுவலியைப் பற்றியும் கொசுவைப் பற்றியும் பேசிக்கொண்டு போனார்கள். ஆனால் மனுசப்பிறவி எத்தனை நாளைக்குத்தான் நல்ல சேதியை விழுங்கிக்கொண்டு இருக்கும்? முதலில் மாடத்திக்குத்தான் அது தலைகீழாகத் தெரிந்தது. நகம் வளர்ந்தால் என்ன அர்த்தம்? நம்மைப் பார்த்து நாலு பேருக்கு வயிறு எரிகிறது என்று அர்த்தம். நம்மைப் பார்த்து நாலு பேருக்கு வயிறு எரிகிறது என்றால் என்ன அர்த்தம்? நாம் நன்றாக இருக்கிறோம் என்று அர்த்தம். மகள் நிச்சயதார்த்தத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்துத் துரையை அழைத்துவிட்டாள். பந்தலில் நடுநாயகமாகத் துரையை உட்காரவைத்து, தாம்பூலத் தட்டு மாற்றும்போது படபடவென்று நகம் வளர, மாடத்தி சபையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், மகாராணி தோற்றாள்.

அதிலிருந்து வளைகாப்போ சடங்கோ பால்காய்ப்போ துரை இல்லாமல் அந்தத் தெருவில் நடக்கவில்லை. அழைப்பில் மாமன் பெயருக்கு அடுத்து துரை பெயர். நகம் நிறைய வளர்ந்தால் அந்த வீட்டுக்காரர்கள் ஒரு வாரம் மிதப்பில் திரிவார்கள், வளராவிட்டால்தான் சண்டை. கடைசி வீட்டு ராமலட்சுமி பால்காய்ப்புக்குத் துரை போய் எள்ளளவும் நகம் வளராமல் திரும்பி வந்ததற்கு, அவள் வடிவு வீட்டு வாசலில் நின்று, "மொசைக்கு தரை போட்டிருக்கேன், அட்டாச்சு பாத்ரூம் வச்சிருக்கேன், ஒருத்திக்காவது எரியலன்னா நான் எதுக்குட்டி வீடு கட்டணும்?" என்று மூக்கைச் சிந்தினாள்.

துரை பாவம். அவ்வளவு நகத்தோடு அது எப்படி நடக்கும்? கட்டைச் செருப்புப் போட்ட பெரியமனிதர் மாதிரி காலை அகட்டி அகட்டி வைத்தது. யார் வெட்டுவது? வடிவுக்கு நகவெட்டியைத் திறந்தாலே கண்ணில் ரத்தம் தெரியும். அப்போதுதான் புஷ்பம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "குடுங்கக்கா, நான் பாக்குதேன்" என்றாள்.

குளிப்பாட்டுகிற பிள்ளையைப் போடுகிற மாதிரி காலை நீட்டித் துரையை ஒரு துண்டில் சுற்றிக் கெண்டைக்காலில் போட்டாள். வடிவின் மடியில் திமிறித் துள்ளி அவள் கையெல்லாம் கீறி வைக்கிற அந்தத் துரை, புஷ்பத்தின் காலில் மாவு உருண்டை மாதிரி அசையாமல் கிடந்தது. புஷ்பம் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சக் சக்கென்று வெட்டினாள், சோறு கொதி வருகிறதற்குள் வெட்டி முடித்தாள். பக்கத்தில் நின்ற வடிவு துரையின் பாதி மூடின கண்ணைப் பார்த்தாள். தோசை போகட்டும், முருங்கை போகட்டும், ஃபிரிட்ஜ் போகட்டும், இதுவுமா?

படக். வெட்டின நகம் எல்லாம் புஷ்பத்தின் கையிலேயே மறுபடியும் வளர்ந்தன.

புஷ்பம் தலையைத் தூக்கவில்லை. "திரும்ப வந்துருச்சுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் வெட்டினாள். வடிவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, தெரியாததால் துரையின் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள், அப்படிப் பார்த்ததில் ஒன்றைக் கண்டுகொண்டாள்: அந்தக் கறுத்த நகம் படக்கென்று வளருகிற போது, வளர்ந்த சூட்டோடு ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்கு, லாந்தர் கண்ணாடி மாதிரி தெளிவாகிவிடுகிறது, உள்ளே சிவப்பு நரம்பு வேரோரத்தில் நூல் மாதிரி தனியாக நிற்கிறது, அப்புறம் நகம் கறுத்துப்போகிறது. கண்டுகொண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

விசேஷம் எதுவும் இல்லாத நாளிலும் துரைக்கு நகம் வளர்ந்தது. ஆனி போய் ஆடி பிறந்தது, ஆடியில் யார் வீட்டில் கல்யாணம்? ஆனாலும் வளர்ந்தது, வளர்ந்து வளைந்து, ஒருநாள் படுக்கிற சேலையில் மாட்டி ஒரு விரல் வீங்கிப்போனது. தெரு யோசிக்க ஆரம்பித்தது. புஷ்பம் வீட்டில் ஒரு பகல் முழுக்க இருந்தால் வளரவில்லை, வடிவு வீட்டுக்குப் போனதும் வளர்கிறது என்றால் எரிகிற அடுப்பு எந்த வீட்டில் இருக்கிறது? வெளியே சொல்லவில்லை, ஆனால் குழாயடியில் வடிவு வந்ததும் பேச்சு நின்றது. புருஷன்காரனே ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"ஏளா, துரை புஷ்பத்துட்டயே இருக்கட்டுமே. அது காலு ஒடிஞ்சு போயிரும்போல."

"கிரைண்டரக் கேட்டா முயலக் குடுத்தீக. இப்ப முயலயும் அவளுக்கே குடுக்கச் சொல்லுதீக."

"அவ கையில சும்மா இருக்குல்லா?"

அந்த வார்த்தைதான் வடிவுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் மாடத்தி நாலைந்து பொம்பளைகளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள், பின்னால் புஷ்பம், தரையைப் பார்த்துக்கொண்டு.

"குடுத்துரு வடிவு. தெருவுக்குப் பொதுவான சீவன். நடக்க மாட்டாமக் கெடக்கு, பாவம்லா? புஷ்பம் வச்சுக்கிடட்டும், நீ நெனச்ச நேரம் வந்து பாரு."

வடிவு உள்ளே போனாள். போனவள் துரையோடும் ஒரு துண்டோடும் நகவெட்டியோடும் வந்தாள்.

"நானே வெட்டுதேன்."

பொம்பளைகள் ஒருத்தி தோளை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். "இன்னைக்கு வெள்ளிக்கெழமல்லா?" என்றாள் ராமலட்சுமி, பால்காய்ப்பு இன்னும் அவளுக்கு ஆறவில்லை.

"வெள்ளிக்கெழம எனக்குத்தான், துரைக்கு என்ன வந்துச்சு?" வடிவு முற்றத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள், துரையைச் சுற்றிக் கெண்டைக்காலில் போட்டாள், அது திமிறினது, அவள் விடவில்லை. "புஷ்பம், இங்க வா. எனக்கு எதுக்க உக்காரு. ஒன் வீட்ல என்னென்ன இருக்கு, ஒனக்கு என்னென்ன நல்லது நடந்துச்சு, ஒவ்வொண்ணாச் சொல்லு."

"எதுக்குக்கா?"

"சொல்லுட்டி. எனக்கு வயிறு எரியணும்."

தெரு வாயைப் பிளந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதிதான், ஆனால் தெரிந்ததை ஒருத்தி தன் வாயால் முற்றத்தில் உட்கார்ந்து சொல்கிறதை அவர்கள் பார்த்ததில்லை. மாடத்தி கூடத் தன் வாயைத் தேடினாள்.

புஷ்பத்துக்கு அழுகை வருகிறது போல இருந்தது. "ஃபிரிட்ஜ் இருக்குக்கா..." என்றாள்.

"இப்பிடிச் சொன்னா எனக்கு எப்பிடி எரியும்? சீமைக்காரி மாதிரிச் சொல்லு."

"ரெண்டு கதவு வச்ச ஃபிரிட்ஜ். மேல ஐசு தனியா, கீழ காய் தனியா. வச்ச கருவேப்பில வச்ச மாதிரியே இருக்கும்."

வடிவின் வயிற்றில் தீக்குச்சி உரசினது. படக்கென்று ஒரு நகம் வளர்ந்தது, கண்ணாடியானது, உள்ளே சிவப்பு நூல் பளிச்சென்று தெரிந்தது, வடிவு நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு இடைவெளி விட்டு வெட்டினாள். ரத்தம் இல்லை. வடிவு மூச்சை விட்டாள். "ம், அடுத்தது."

புஷ்பம் கிரைண்டரைச் சொன்னாள், சக். முருங்கை பூத்ததைச் சொன்னாள், சக். மகன் பாலிடெக்னிக்கில் சேர்ந்ததைச் சொன்னாள், சக். புருஷன் சம்பளக்கவரைப் பிரிக்காமல் கையில் தருகிறதைச் சொன்னபோது வடிவு திரும்பித் தன் புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டு நகம் சேர்த்து வெட்டினாள், கழுகாசலம் லோடு ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். சொல்லச் சொல்லப் புஷ்பத்துக்கும் பேச்சு வந்தது, தோசையைச் சொன்னாள், தன் கைக்குப் பூ வாடாமல் இருக்கிறதைச் சொன்னாள், ஒவ்வொன்றுக்கும் வடிவு எரிந்தாள், ஒளிக்காமல், ஊர் பார்க்க, அடுப்பைத் திறந்துவிட்டு எரிந்தாள், எரிந்த வெளிச்சத்தில் கை நடுங்காமல் வெட்டினாள். கொஞ்ச நேரத்தில் துரை திமிறுகிறதை விட்டது.

அப்போது புஷ்பம் குரல் இறங்கி, "அத்த சாகும்போது எங்கையாலதான்க்கா பால் குடிச்சாக. நீங்க குடுத்ததுக்கு வாய மூடிக்கிட்டாக" என்றாள்.

வடிவின் கை நின்றது. அந்த மாமியாருக்கு மலம் மூத்திரம் எடுத்ததில் பாதி வடிவு. துரையின் பின்னங்காலில் மிச்சமிருந்த நகம் எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்து வளர்ந்தன, கண்ணாடிக் கம்பி மாதிரி நீண்டு நின்றன. வடிவு கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் தோளில் துடைத்துக்கொண்டு ஒன்று ஒன்றாக வெட்டினாள்.

"இன்னும் என்ன இருக்கு?"

"அவ்வளவுதான்க்கா."

ஒரே ஒரு நகம் மிச்சம், முன்னங்காலில் உள்பக்கமாக இருக்கிற சின்ன நகம், கறுத்து, வளைந்து, சதையைக் குத்துகிற மாதிரி நின்றது.

"அவ முடியப் பாரு வடிவு, இடுப்புக்குக் கீழ தொங்குது!" என்று மாடத்தி எடுத்துக் கொடுத்தாள். வடிவு பார்த்தாள். ஒன்றும் எரியவில்லை. புஷ்பத்தின் மூக்குத்தியைப் பார்த்தாள், ஒன்றும் எரியவில்லை. விறகு தீர்ந்த அடுப்பு மாதிரி வயிறு குளிர்ந்து கிடந்தது. எல்லாரும் அந்தச் சின்ன நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். துரை வடிவின் கெண்டைக்காலில் காதை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு, கண் சொருகி, அவள் பாதத்தில் தாடையை வைத்துத் தூங்கிப்போனது. தூக்கத்தில் ஒரு தரம் அவள் கட்டைவிரலை நக்கிக் கொடுத்தது.

படக்.

அந்த நகம் வளர்ந்தது. அன்றைக்கு வளர்ந்த எல்லா நகத்தையும்விட நீளமாக, எல்லாவற்றையும்விடத் தெளிவாக வளர்ந்தது. வடிவு தன் வயிற்றுக்குள் தேடிப் பார்த்தாள், அங்கே ஒரு பொறி கூட இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். எதிரே புஷ்பம் தூங்குகிற துரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், படக்கென்று கண்ணைப் பிடுங்கிச் சுவர்மேல் வைத்துக்கொண்டு, சேலை ஓரத்து நூலை இழுக்க ஆரம்பித்தாள். கழுத்து வரைக்கும் ரத்தம் ஏறிவிட்டது அவளுக்கு.

"ஏ, இது யாருக்குட்டி எரிஞ்சுது?" என்றாள் மாடத்தி. பொம்பளைகள் ஒவ்வொருத்தியாகத் தலையைத் திருப்பினார்கள், இன்னும் ஒரு கணம் போனால் எல்லாக் கண்ணும் புஷ்பத்தின்மேல் போய் விழும்.

"எனக்குத்தான்" என்றாள் வடிவு. "அந்த முடியத்தான் நெனச்சேன். கொஞ்சம் லேட்டா எரிஞ்சுது."

சொல்லிக்கொண்டே வெட்டினாள், வெட்டின நகம் தரையில் விழுகிறதற்குள் உள்ளங்கையில் பிடித்து, அதை மட்டும் முந்தானையில் போட்டு, இறுக்கி முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.